முயல் தின்ற பயிருக்குக் கணக்கு: இணைய வரைபடத்தைப் பயன்படுத்துவது எப்படி?

கோதுமை முளைத்து மூன்று வாரம் ஆன வயல். நடுவில் பச்சைப்பசேலென்று நிற்கிறது. வேலியை ஒட்டிய ஒரு பக்கம் மட்டும், பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு, பயிர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. விதை சரியாக விழவில்லையா? பனியில் கருகியதா? கங்காரு மேய்ந்ததா? முயலா? ஆஸ்திரேலியாவின் தென்பகுதிகளில் விவசாயம் செய்பவர்களுக்கு இது பழகிய கேள்வி. முன்பெல்லாம் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் விசாரிப்பார்கள். இப்போது அதோடு கைப்பேசியையும் எடுத்து, சுற்றுவட்டாரத்தில் யார் யார் எங்கே முயலைப் பார்த்திருக்கிறார்கள் என்று வரைபடத்தில் தேடுகிறார்கள்.

அந்தத் தேடலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் தெரிவது முயல் இருக்கும் இடம்தான். அது எவ்வளவு தின்றது என்பது வயலில் இறங்கி அளந்தால்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பலருடைய கணக்கும் தப்பிப்போகிறது.

ஏன் ஆஸ்திரேலியா?

1859 கிறிஸ்துமஸ் நாளில் மெல்பர்னுக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் இங்கிலாந்திலிருந்து வந்த 24 முயல்கள் இருந்தன. விக்டோரியாவில் விஞ்செல்சீ ஊருக்கு அருகே பார்வன் பார்க் என்ற பண்ணையை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், வேட்டையாடுவதற்காக வரவழைத்தவை அவை. அதற்கு முன்பே, 1788இல் வந்த முதல் குடியேற்றக் கப்பல்களிலும் முயல்கள் வந்திருந்தன; ஆனால் அவை பெரிதாகப் பரவவில்லை. இன்று அந்த நாட்டை நிறைத்திருக்கும் முயல்களில் பெரும்பாலானவற்றின் மூலம் ஆஸ்டினின் முயல்கள்தான் என்று 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் அவை கண்டத்தின் எழுபது சதவீத நிலப்பரப்பில் பரவிவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901இல் தொடங்கி 1907 வரை மூன்று வேலிகள் போட்டார்கள். மொத்த நீளம் 3,200 கிலோமீட்டருக்கு மேல். வேலி கட்டி முடிவதற்குள்ளேயே முயல் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

இன்று அந்நாட்டு வேளாண்மைக்கு முயலால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு முயல்கள் சேர்ந்து ஓர் ஆடு தின்னும் அளவுக்குப் புல்லைத் தின்றுவிடும். இவ்வளவு பெரிய பரப்பில், இவ்வளவு சிறிய பிராணியை அரசு ஊழியர்கள் மட்டும் நடந்து நடந்து எண்ணிவிட முடியாது. நிலத்தில் இருப்பவர்களே எண்ணி, ஒரே இடத்தில் பதிய வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

அதற்காக உருவானதுதான் ரேபிட்ஸ்கேன். ஃபெரல்ஸ்கேன் என்ற பெரிய தளத்தின் ஒரு பகுதி இது. அங்கே நரி, காட்டுப்பன்றி, எலி, மைனா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் உண்டு. வலைத்தளமாகவும் கைப்பேசிச் செயலியாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. முயலைப் பார்த்த இடம், அது செய்த சேதம், வளை இருக்கும் இடம், நோயால் செத்த முயல், நீங்கள் எடுத்த தடுப்பு நடவடிக்கை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதியலாம். புதிதாக வருபவர்கள் "பார்த்தேன்" என்பதை மட்டும் பதிந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வயலுக்கு உண்மையில் உதவுவது மற்ற பதிவுகள்தான்.

முதலில் முயல்தானா என்று பார்க்க வேண்டும்

பதிவதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டும். கடிபட்ட தண்டின் நுனி, கத்தியால் சாய்வாக நறுக்கியதுபோல் ஏறத்தாழ 45 பாகையில் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் முயல் வகை என்று சந்தேகிக்கலாம். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. அது பிய்த்துத் தின்னும். நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். கங்காருவாக இருந்தால் பெரிய சாணமும் காலடித் தடமும் கிடக்கும். அது வயலின் உள்ளே வெகுதூரம் வரை மேயும்.

அடுத்தது புழுக்கை. முயல் புழுக்கை உருண்டையாக, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இந்த ஐரோப்பிய முயலுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை குறிக்கும். அதனால் சின்னச் சின்னக் குவியல்களாகக் கிடக்கும். நியூசிலாந்தில் இந்தக் குவியலை வைத்தே முயல் அடர்த்தியை மதிப்பிடும் மெக்லீன் அளவுகோல் என்ற முறை இருக்கிறது. 1 முதல் 8 வரை எண். தடயமே இல்லையென்றால் 1. புழுக்கைக் குவியல்கள் சராசரியாகப் பத்து மீட்டருக்கு மேல் இடைவெளியில் இருந்தால் 3. ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் என்றால் 4. ஐந்து மீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் 5. அதற்கு மேல் போனால் எண்ணுவதற்கே அவசியம் இருக்காது, கண்ணுக்கே தெரியும். ஒரு காகிதத்தோடு நடந்து போனாலே போதும் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த முறை இது. முயலைப் பார்க்காத நாளிலும், பகல் வெளிச்சத்திலும் செய்யலாம்.

ஆஸ்திரேலியாவில் வேறொரு பெரிய முயலினமும் உண்டு. அது வளை தோண்டாது, தனியாகத் திரியும், சேதமும் அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். வளைவாழ் முயல் கூட்டமாக இருப்பதால் சேதம் வளைக்கு அருகில் மிகக் கடுமையாகவும், தள்ளிப்போகப் போகக் குறைந்தும் தெரியும். மேலே சொன்ன வேலியோரப் பட்டை அப்படி உருவானதுதான். அந்தப் பட்டைக்கு நேர் எதிரே புதரிலோ ஓடைக்கரையிலோ வளை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வாயிலில் புதிய மண் கிடந்தால், சிலந்தி வலை இல்லாமல் இருந்தால், அது புழக்கத்தில் இருக்கும் வளை. வளையின் ஜிபிஎஸ் இடத்தையும் புழக்கத்தில் உள்ள வாயில்களின் எண்ணிக்கையையும் பதிந்துவிடுங்கள். முயல் இன்று இருக்கும், நாளை ஓடிவிடும். வளை அங்கேயேதான் இருக்கும். கண்காணிப்புக்கு வளையைவிட நல்ல அடையாளம் கிடையாது.

இடையில் ஒன்று. தமிழ்நாட்டு வயல்களில் நிலக்கடலையையும் கேழ்வரகையும் கடிக்கும் நம்மூர் முயல் வேறு இனம். அதுவும் வளை தோண்டி வாழ்வதில்லை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம், வேட்டையாடுவது குற்றம். ஆகவே ஆஸ்திரேலியாவின் ஒழிப்பு முறைகளை இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஆனால் கீழே வரும் அளக்கும் முறையை மயிலுக்கோ பன்றிக்கோ எதற்கும் பயன்படுத்தலாம்.

வரைபடத்தில் புள்ளி இல்லையென்றால் முயல் இல்லையா?

இணைய வரைபடத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது புள்ளிகள். எங்கே புள்ளி நெருக்கமாக இருக்கிறதோ அங்கே முயல் அதிகம் என்று மனம் சொல்லும். கொஞ்சம் பொறுங்கள். புள்ளிகள் சாலையோரத்திலும் ஊரை ஒட்டியும்தான் அதிகம் விழும், ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் நடமாடுகிறார்கள். ஒரு பகுதியில் உற்சாகமான நாலு பேர் பதிய ஆரம்பித்தால் அங்கே திடீரென்று முயல் பெருகிவிட்டது போலத் தெரியும். வெற்றிடமாகத் தெரியும் பகுதியில் யாரும் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இதற்கு இருக்கும் மருந்து, "போய்ப் பார்த்தேன், இல்லை" என்பதையும் குறித்துவைப்பது. ரொம்பப் பேர் இதைச் செய்வதில்லை. பார்க்கப் போய் முயல் தென்படாத இரவைக் குறிக்காமல் விட்டால், தென்பட்ட இரவுகள் மட்டுமே மிஞ்சி, முயல் எப்போதும் இருந்தது போன்ற தோற்றம் வந்துவிடும். செயலியில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இடம் உண்டு.

எண்ணுவதற்கு அங்கே வழக்கமாகச் செய்வது விளக்கொளிக் கணக்கெடுப்பு. இருட்டிய பிறகு வண்டியில் மெதுவாகப் போய், கைவிளக்கின் ஒளியில் கண் மின்னும் முயல்களை எண்ணுவார்கள். பாதை, நேரம், வேகம் மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அடுத்தடுத்த சில இரவுகளில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். பலத்த காற்றோ மழையோ உள்ள இரவை விட்டுவிட வேண்டும். இப்படிச் செய்தாலும் மொத்த முயல்களின் எண்ணிக்கை கிடைக்காது. வளைக்குள் இருப்பது வெளிச்சத்துக்கு வராது. கிடைப்பது ஒப்பிடக்கூடிய ஓர் எண். போன வருடம் இதே பாதையில் கிலோமீட்டருக்கு நாலு, இந்த வருடம் பதினொன்று என்றால், அதில் செய்தி இருக்கிறது.

அதனால் வரைபடத்தில் மற்றவர்களின் பதிவைப் படிக்கும்போது முதலில் தேதியைப் பாருங்கள். மூன்று வருடம் பழைய புள்ளி இந்தப் பருவத்துக்கு எதையும் சொல்லாது. அடுத்து, படம் இருக்கிறதா என்று பாருங்கள். படத்துடன் வந்த ஒரு பதிவு, படமில்லாத பத்துக்குச் சமம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எவ்வளவு தின்றது? இதற்குக் கூண்டு வேண்டும்

இதுதான் கட்டுரையின் நடுநாயகமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பயிர் முளைத்த கையோடு, முயல் நுழைய முடியாத கம்பிவலையால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தை அடைத்துவிடுங்கள். வலைக்கண்ணின் அளவு 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குட்டி நுழைந்துவிடும். வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். அதற்குப் பக்கத்தில், அதே மண், அதே வரிசை, அதே அளவில் ஒரு சதுரத்தைத் திறந்தே விட்டு நாலு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒன்று மூடியது, ஒன்று திறந்தது. இது ஒரு ஜோடி. அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியாக அறுத்து, அடித்து, எடை போடுங்கள். வித்தியாசம்தான் தின்னப்பட்ட அளவு.

ஒரே ஜோடி போதாது. வேலியிலிருந்து 5 மீட்டரில் ஒன்று, 20 மீட்டரில் ஒன்று, 50 மீட்டரில் ஒன்று என்று தூரத்துக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். காரணம், ஒரு கற்பனைக் கணக்கில் தெளிவாகும்.

40 ஹெக்டேர் வயல். ஓரத்துக் கூண்டுக்குள் 300 கிராம் தானியம் கிடைத்தது, வெளியே 210 கிராம். சதுர மீட்டருக்கு 90 கிராம் இழப்பு. இதை 40 ஹெக்டேருக்கும், அதாவது நாலு லட்சம் சதுர மீட்டருக்கும் பெருக்கினால் 36 டன் வருகிறது. பயங்கரமான எண். ஆனால் 50 மீட்டரில் வைத்த ஜோடியில் உள்ளேயும் வெளியேயும் எடை ஒன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் ஜோடியிலும் வித்தியாசம் மிகக் குறைவு. அப்படியென்றால் சேதம் 20 மீட்டர் அகலப் பட்டையோடு நின்றுவிட்டது. வளைகள் இருக்கும் அந்தப் பக்கத்து வேலி 400 மீட்டர். பட்டையின் பரப்பு 8,000 சதுர மீட்டர். அதை 90 கிராமால் பெருக்கினால் 720 கிலோ. பட்டைக்குள்ளேயும் தூரம் போகப் போக இழப்பு குறைவதால் உண்மை எண் அதற்கும் கீழேதான் இருக்கும். 36 டன்னுக்கும் 720 கிலோவுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முன்னதை நம்பினால், தேவையில்லாத செலவில் வயல் முழுக்க வேலி போடத் தோன்றும். பின்னது, அந்த ஒரு பக்கத்து வளைகளைக் கவனித்தால் போதும் என்று சொல்கிறது.

இன்னொரு நுணுக்கம். இளம்பயிரில் கடிபட்ட கோதுமை சில சமயம் மீண்டும் தூர் கட்டி எழுந்துவிடும், கொஞ்சம் தாமதமாகக் கதிர் விடும். ஆகவே மூன்றாம் வாரத்தில் எடுத்த புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இழப்பு இவ்வளவு என்று முடிவுகட்டக் கூடாது. முளைத்தபோது ஒரு படம், தூர் கட்டும்போது ஒரு படம், அறுவடையில் எடை. மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். ரேபிட்ஸ்கேனில் சேதப் பதிவாக ஏற்றும்போது இந்தப் படங்களே சான்று. பக்கத்தில் ஒரு கூண்டை, அடியில் முயல் மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அமைத்தால், கங்காரு தின்றதையும் முயல் தின்றதையும் பிரித்தும் பார்க்கலாம். தானியங்கிக் கேமரா ஒன்றைக் கட்டிவைத்தால், எந்த நேரத்தில் யார் வந்தார்கள் என்பதில் சந்தேகமே இருக்காது.

செயற்கைக்கோள் படம் உதவாதா? உதவும், ஓர் அளவுக்கு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் மிக நுண்ணிய ஒரு புள்ளிக்கே பத்து மீட்டர் அகலம். பயிரின் பசுமையை அளக்கும் என்டிவிஐ படத்தில் வயலோரத்தில் ஒரு வெளிறிய பட்டை தெரியக்கூடும். ஓரத்து மரங்கள் தண்ணீரை உறிஞ்சினாலும், தண்ணீர் தேங்கினாலும், பனி விழுந்தாலும் இதே வெளிறல்தான் தெரியும். எந்த ஓரத்துக்கு நடந்து போய்ப் பார்க்கலாம் என்று தீர்மானிக்க மட்டும் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அலை எப்போது?

முயல் இனப்பெருக்கத்துக்குத் தேவை பசும்புல். மழை பெய்து புல் துளிர்த்தால் கருத்தரிக்கும். கர்ப்ப காலம் ஏறத்தாழ 30 நாள். குட்டிகள் பிறந்து மூன்று வாரம் போல வளைக்குள் இருந்துவிட்டு வெளியே வரும். அதாவது நல்ல மழைக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் புதிய வாய்கள் வயலுக்கு வந்துவிடுகின்றன. ஈற்றுக்கு நாலைந்து குட்டி. அந்தக் குட்டிகளே மூன்று நான்கு மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். எனவே வானிலைத் துறையின் மழைப் பதிவு, முயல் கண்காணிப்பில் முயல் வரைபடத்துக்கு நிகரான ஓர் இணையத் தகவல். மழைத் தேதியை நாட்காட்டியில் குறித்து, எட்டு வாரம் கழித்து ஒரு விளக்கொளிக் கணக்கெடுப்பு வையுங்கள்.

இதே காலக்கணக்கு நோய்க்கும் பொருந்தும். ஆஸ்திரேலியா 1950இல் மிக்சோமா வைரஸைப் பரப்பியது. கொசு மூலம் பரவி, தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் பெரும்பான்மையைக் கொன்றது. பிறகு முயல்களிடம் எதிர்ப்பு வளர்ந்தது. 1995இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் ஆய்வில் இருந்த கலிசி வைரஸ் தப்பித்துப் பெருநிலத்துக்குப் பரவியது. 2015இல் அதன் இன்னொரு வகை கான்பெராவில் கண்டறியப்பட்டு, சீக்கிரமே நாடெங்கும் பரவியது. 2017 மார்ச்சில் கே5 என்ற வகையை அரசே நாடு முழுவதும் திட்டமிட்டு விட்டது. இப்போது கவனியுங்கள்: கே5 போன்ற வகை சில வாரக் குட்டிகளைத் தாக்கினால் அவை பெரும்பாலும் சாவதில்லை, பிழைத்து, எதிர்ப்புச் சக்தியோடு வளர்கின்றன. குட்டிகள் நிறைந்த பருவத்தில் வைரஸை விட்டால் தடுப்பூசி போட்டு விட்டதுபோல் ஆகிவிடும். வளையைச் சுற்றிக் குட்டிகளைப் பார்த்தீர்களா, எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்ற சாதாரணப் பதிவு, அந்தப் பகுதியில் வைரஸ் விட ஏற்ற நேரம் இதுவா என்பதையே தீர்மானிக்கிறது. ரத்தக்காயம் ஏதும் இல்லாமல் செத்துக் கிடக்கும் முயலைப் பதிவதும் அதனால்தான் முக்கியம். அப்படிக் கிடைத்த முயல்களின் கல்லீரல் மாதிரியை விவசாயிகளிடமிருந்து வாங்கி, எந்த வைரஸ் எங்கே உலவுகிறது என்று ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானிகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ரேபிட்ஸ்கேன் வழியாகவே மாதிரி அனுப்பும் ஏற்பாடு நடந்தது.

பக்கத்து நிலத்துக்காரர்

உங்கள் நிலத்து வளைகளை டிராக்டரால் கிழித்து மூடிவிட்டீர்கள். பக்கத்து நிலத்தில் வளைகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த மழையில் முயல் திரும்பி வரும். இணையப் பதிவின் பெரும்பயன் இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். "உங்க பக்கத்துல இருந்துதான் வருது" என்று வேலிக்கு இந்தப்புறம் நின்று சொன்னால் சண்டையாகிவிடும். இரண்டு நிலத்து வளைகளும் ஒரே வரைபடத்தில் தெரிந்தால், எந்த வாரம் சேர்ந்து வேலை செய்யலாம் என்று பேச முடியும். விக்டோரியாவில் விவசாயிகள், உள்ளூர் குழுக்கள், அரசு அலுவலர்கள் சேர்ந்து நடத்திய விக்டோரியன் ரேபிட் ஆக்‌ஷன் நெட்வொர்க் இப்படியான கூட்டு வேலைக்காக 2019இல் ஐ.நா. பொதுச்சேவை விருது பெற்றது.

தன் நிலத்தில் முயல் இருப்பதை ஊருக்கே காட்டத் தயங்குபவர்கள் உண்டு, அது நியாயமான தயக்கம்தான். ஃபெரல்ஸ்கேனில் ஒரு வட்டாரத்தார் மட்டும் பார்க்கும்படி தனிக் குழு அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது. மூன்று நான்கு நிலத்துக்காரர்கள் சேர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடலாம்.

வளைகளை மூடிய பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள். மூடிய ஒவ்வொரு வளைக்கும் தேதி போட்டு, சில வாரம் கழித்துப் போய் மறுபடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இரண்டு வாயில் திறந்திருந்தால் அப்போதே மூடுவது எளிது, அரைநாள் வேலை. விட்டுவிட்டு அடுத்த மழைக்குப் பிறகு போனால், அந்த வளையைச் சுற்றிப் புழுக்கைக் குவியல்களை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.